நான் என் நாக்கை விழுங்கவில்லை

பிள்ளைகளே,

நான் என் நாக்கை விழுங்கிவிட்டதாகவும், டாக்டர் வயிற்றுக்குள் கைவிட்டு அதை எடுத்து மறுபடி ஒட்டவைத்ததாகவும் நம் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிறவர்கள் என்னைக் கண்டால் நின்று, "மாமா, நாக்க ஒருதரம் காட்டுங்க" என்று கேட்கிறார்கள். நானும் காட்டுகிறேன். தையல் போட்ட இடத்தைத் தேடுகிறார்கள். தையல் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது.

உங்கள் வாத்தியார் என்னைக் கடற்கரையில் பார்த்து, "நடந்ததை நடந்தபடி நீரே எழுதித் தாரும், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்" என்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு கடலுக்குப் போய்விட்டேன். டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். என் சொந்தப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் கூட்டியோ குறைத்தோ சொல்ல வழியில்லை. அவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

நான் சங்கு குளிக்கிறவன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது தெரியும். உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இடுப்பில் கயிறு, காலில் கல். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கல்லோடு இறங்கி, மணலில் தடவிச் சங்கெடுத்து, போதும் என்றால் கயிற்றை ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். தோணியில் இருக்கிறவன் உடனே தூக்கிவிடுவான். அந்தக் கயிற்றைப் பிடிப்பது மச்சான், அதாவது பெண்சாதியின் உடன்பிறந்தவன். தன் தங்கை தாலி நிலைக்க வேண்டும் என்ற கவலை வேறு யாரையும்விட அவனுக்குத்தானே அதிகம். என் கயிற்றைப் பிடிப்பவன் என் மச்சான் சூசை. எங்களுக்குள் ஒரே சட்டம். கீழே இருக்கிறவன் கயிற்றை அசைக்காமல் மேலே இருக்கிறவன் தூக்கக் கூடாது. அவசரப்பட்டுத் தூக்கினால் கைக்கு எட்டின சங்கை விட்டுவிட்டு வெறுங்கையோடு வர வேண்டும். பக்கத்துத் தோணிக்காரன் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான். சூசை ஒருநாளும் அப்படித் தூக்கினதில்லை. இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் நான் சாகப் பார்த்தேன்.

யுத்தக் காலம் அது. முதலில் எனக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தன. தொண்டை அடைப்பான் என்று நாம் சொல்வதை டாக்டர்கள் டிப்தீரியா என்கிறார்கள். பழைய வேட்டித் துணியை நனைத்து ஒட்டினமாதிரி தொண்டைக்குள் ஒரு வெள்ளைத் தோல் படரும். பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வருகிற நோய். எனக்கு எங்கிருந்து ஒட்டியதோ தெரியவில்லை. குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஊசியாகப் போட்டார்கள். காய்ச்சல் விட்டது, தொண்டை சுத்தமானது. வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, இனி கடலுக்குப் போகலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் காப்பி குடித்தபோது, குடித்தது மூக்கு வழியாக வந்தது. என் கடைசிப் பையன் கைதட்டி, "அப்பா, இன்னொருவாட்டி செய்யுங்க" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் சோறும் அப்படியே வந்தபோது சிரிப்பு வரவில்லை. பேச்சும் மாறிப்போனது. "பட்டம்" என்று சொல்ல வாயைத் திறந்தால் "மண்ணம்" என்று வந்தது. பிறகு நாக்கு வாய்க்குள் ஈரச்சாக்கு மாதிரி கனத்தது.

தூங்கும்போது வேறொரு கூத்து. பெருங்குறட்டை விட்டுக்கொண்டிருப்பேனாம். திடீரென்று சத்தம் நின்றுபோகுமாம். பார்க்கிறவர்கள் பயப்படுகிற நேரத்தில் திடுக்கென்று ஒரு மூச்சு வருமாம். என் மகள் பிலோமி அதைப் பார்த்து, "அப்பா தூக்கத்துல குளிக்காவ. சங்கு எடுத்துட்டு வருவாவ" என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள். அது தெருவெல்லாம் பரவியது. சூசைக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க மச்சான் தூங்கும்போதும் மூச்சடக்குதான்ல. ஏலே, ஒங்கள்ல எவனுக்காவது வருமா?" என்று கரையில் நின்று கேட்டானாம். நானும் அதைக் கேட்டு மகிழ்ந்தேன். மூச்சை அடக்குவது வேறு, மூச்சு அடைபடுவது வேறு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் பெண்சாதி லூர்து மட்டும் பெருமைப்படவில்லை. "சங்கு எடுக்கப் போறவங்க மொகம் இப்பிடியா கறுக்கும்?" என்று தன் அண்ணனிடம் கேட்டாள். அன்றைக்கே குதிரை வண்டி பிடித்துவரச் சொல்லி என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வராந்தா பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கும் பினாயில் வாசனை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஒனக்கு என்ன நோவு?" என்று கேட்டார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. செவிடர் என்று நினைத்துச் சத்தமாகச் சொன்னேன். "மெள்ளச் சொல்லு, காது நல்லாத்தான் கேக்கு. ஒன் வாய்தான் கொழகொழங்குது" என்றார்.

டாக்டர் சென்னைப் பக்கத்துக்காரர், இளவயது. "மூச்சு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சூசை முந்திக்கொண்டான். "ஐயா, இவன் மூச்சப் பத்தி நீங்க கேக்கவே வேண்டாம். மத்தவன் ரெண்டு முங்கு முங்குத நேரம் இவன் ஒரே மூச்சுல கெடப்பான்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நாக்கை நீட்டுங்கள்" என்றார். நீட்டினேன். நன்றாக நீட்டியதாகத்தான் நினைத்தேன். அவர் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். நாக்கு பல்வரிசையைத் தாண்டவில்லை. உள்ளேயே கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

இனி நாக்கைப் பற்றி. இதைக் கவனித்துக் கேளுங்கள்.

கண்ணாடியில் நாம் பார்ப்பது நாக்கின் முன்பாகம் மட்டும். மற்றது தொண்டைக்குள் இறங்கிக் கிடக்கிறது. நாக்கு ஒரே சதை என்று நினைத்திருந்தேன். அது எட்டு ஜோடித் தசைகள் சேர்ந்தது என்றார் டாக்டர். பாதித் தசைகள் நாக்குக்குள்ளேயே ஓடுகின்றன. நாக்கைச் சுருட்டுவதும் தட்டையாக்குவதும் அவற்றின் வேலை. மீதித் தசைகள் நாக்கை வெளியே பல இடங்களில் கட்டி வைத்திருக்கின்றன. பாய்மரத்தை நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டுவது போல, ஒன்று மேல்வாய்க்கு, ஒன்று காதுக்குக் கீழுள்ள எலும்புக்கு, ஒன்று கழுத்திலுள்ள லாட வடிவ எலும்புக்கு. எல்லாவற்றிலும் பெரியது மோவாய்க்கு.

அந்தப் பெரிய தசையைக் காட்ட டாக்டர் லூர்து கையிலிருந்த பனையோலை விசிறியை வாங்கினார். விசிறிக் காம்பை என் மோவாயில் வைத்து, ஓலையை வாய்க்கு நேரே விரித்துப் பிடித்தார். "இப்படித்தான் இருக்கும். காம்பு தாடை எலும்பின் உட்பக்கம். அங்கிருந்து விரிந்து நாக்கு முழுவதும் பரவுகிறது. இது இறுகினால் நாக்கு முன்னால் வரும். தளர்ந்தால் பின்னால் சரியும்."

"பின்னால சரிஞ்சா என்ன ஐயா?" என்றாள் லூர்து.

"பின்னால்தான் அம்மா மூச்சுப் போகிற வழி."

நீங்கள் பப்பாளி இலைக் காம்பை ஒடித்துக் குழல் ஊதுவீர்களே. பச்சைக் காம்பை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், காற்று வரும். வாடின காம்பை உறிஞ்சுங்கள், காம்பு ஒட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் ஒட்டும். நம் தொண்டையும் அப்படிப்பட்ட குழல்தான். நெஞ்சுக்குப் போகிற குழாயில் வளையம் வளையமாகக் குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு மேலே, நாக்குக்குப் பின்னால், முட்டுக் கொடுக்க எலும்பு கிடையாது. அங்கே முட்டுக் கொடுப்பது இந்த விசிறித் தசையும் அதன் கூட்டாளிகளும். நாம் மூச்சை உள்ளே இழுக்கிற ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் இறுகி, நாக்கை முன்னுக்குப் பிடித்து வழிவிடுகிறது. நாம் சொல்லாமலே செய்கிறது. தூங்கும்போது எல்லாருக்கும் சற்றுத் தளரும். ஆனாலும் வேலையை விடாது.

என் தசை வேலையை விட்டுவிட்டது. தொண்டை நோய் போனாலும் அதன் நஞ்சு நரம்புகளில் தங்கிவிட்டது. நரம்பு என்பது தந்திக் கம்பி மாதிரி. மூளை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோகிறது. "கம்பி அறுந்துவிட்டதா?" என்று சைகையால் கேட்டேன். "அறவில்லை. மேலுறை நைந்திருக்கிறது. அது தானாக வளரும். நாக்கும் திரும்பி வரும்" என்றார் டாக்டர். "அதுவரை மூச்சுவழி அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மால் செய்ய முடிந்தது அதுதான்."

என்னை ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள், எச்சில் தொண்டைக்குள் இறங்காமல் வெளியே வழிவதற்காக. மல்லாந்து படுக்கவே கூடாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும் என்று உத்தரவு. மூக்கு வழியாக மெல்லிய ரப்பர் குழாயை வயிற்றுக்கு இறக்கி அதில் கஞ்சி ஊற்றினார்கள். குழாய் இறங்கும்போது கண்ணில் நீர் முட்டும். பிறகு பழகிவிடும். லூர்து தினமும் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவருவாள். எனக்குத்தான் ருசியே தெரியாதே, வயிற்றுக்கு நேரே போகிறதே. ஆனாலும் உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

கட்டில் பக்கத்தில் ஒரு தட்டை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். அதில் கத்தியும், வளைந்த ஒரு வெள்ளிக் குழாயும் இருந்தன. மூச்சுவழி அடியோடு அடைபட்டால் கழுத்தின் முன்பக்கம் கீறி, நாக்குக்குக் கீழே, மூச்சுக்குழாயில் அதைச் செருகிவிடுவார்கள். பிறகு மூச்சு அந்த வழியாகப் போகும். உயிர் பிழைக்கிற வழிதான். குழாயை எடுத்தபின் துளை மூடிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். என் புத்திக்கு அது ஏறவில்லை. கழுத்தில் ஓட்டையோடு எப்படிக் கடலில் இறங்குவது? குளிக்காவிட்டால் நான் யார்? அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், நாக்கே, அதற்குமுன் வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். உயிர் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். என் கவலை இந்த இரண்டும்தான்.

தூங்கும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மூச்சு நின்றால் கூப்பிட வேண்டும் என்றாள் நர்ஸம்மா. நம் பக்கத்து நாசரேத்துக்காரி, கண்டிப்பானவள். லூர்து வீட்டுக்குப் போகிற நேரமெல்லாம் சூசை இருந்தான். ஒரு மத்தியானம் நான் தூங்கியபோது நடந்ததை அவர்கள் இருவரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டேன். குறட்டை நின்றது. என் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம், ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. வாடின காம்பை உறிஞ்சுவது போலத்தான். சூசை என் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். என் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தற்செயலாக நர்ஸம்மா உள்ளே வந்தாள். என் உதடு நீலம் பாய்ந்திருந்ததைக் கண்டு ஓடிவந்து, தாடையின் இரண்டு மூலைகளுக்கும் பின்னால் விரலைக் கொடுத்து முன்னால் தள்ளினாள். தாடையோடு நாக்கும் முன்னால் வந்தது. பெரிய சத்தத்தோடு மூச்சு இறங்கியது. விழித்தபோது என்னைச் சுற்றிக் கூட்டம்.

டாக்டருக்குக் கோபம். "பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தாய்? ஏன் கூப்பிடவில்லை?"

சூசை கைகட்டி நின்றான். "கையப் பிடிச்சுட்டுத்தான் ஐயா இருந்தேன். அவன் இழுக்கல."

"என்ன இழுக்கவில்லை?"

"கைய. ஒரு அசைவு குடுத்திருந்தாம்னா தூக்கிருப்பேன். அவன் அசைக்காம நான் எப்பிடித் தூக்க? ஆயுசுல அப்பிடித் தூக்கினதில்ல ஐயா."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸம்மாதான் கயிற்றுச் சட்டத்தை அவருக்கு விளக்கினாள். அவர் கோபம் இறங்கிவிட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "கடலுக்கு அடியில் உன் மச்சான் விழித்திருக்கிறானா, தூங்குகிறானா?" என்று கேட்டார்.

"தூங்கினா எப்பிடி ஐயா சங்கெடுக்க முடியும்?"

"இங்கே தூங்குகிறான். தூங்குகிறவனால் கயிற்றை அசைக்க முடியாது. இங்கே அவன் சொல்கிறவரை காத்திருக்காதே. நீயாகவே தூக்கு."

சூசை யோசித்தான். பிறகு, "அப்பம் கயிறு எங்க இருக்கு?" என்று கேட்டான்.

டாக்டர் அவன் கைகளைப் பிடித்து என் தாடை மூலைகளில் வைத்தார். "இதுதான். இப்படி, முன்னால். நெஞ்சு ஏறுகிறதா என்று மட்டும் பார்க்காதே. மூக்கில் புறங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து எனக்கு விடுதலையே இல்லை. நான் விழித்திருக்கும்போதும் மூக்கில் புறங்கையை வைத்தான். ஒருதரம் பங்குச் சாமியார் வந்து எனக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் பக்தியாகக் கண்ணை மூடினேன். தூங்குகிறேன் என்று நினைத்து என் தாடையை இழுத்துப்பிடித்தான். நர்ஸம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் தாடை மூலைகள் கன்றிப்போயின. ஆனால் பிறகு ஒருதரமும் என் உதடு நீலம் பாயவில்லை.

இடையில் ஒரு கெட்ட நாள் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, விழித்திருக்கும்போதே மூச்சு இழுத்தது. டாக்டர் தட்டின் துணியை விலக்கிப் பார்த்தார். "நாளைக் காலை வரை பார்ப்போம். இப்படியே இருந்தால் குழாய் போட்டுவிட வேண்டும்" என்றார். லூர்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். என் முதுகைத் தட்டிக்கொடுத்துச் சளியை வழியவைத்துக்கொண்டே இருந்தாள். அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. பிலோமி தம்பியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே விடமாட்டார்கள். கையை உயர்த்திக் காட்டினேன். அவள் நாக்கை வெளியே நீட்டி, இப்படிச் செய்யுங்கள் என்று காட்டினாள். நானும் முடிந்தவரை செய்தேன். அவள் காட்டக் காட்ட, ஒருவருக்கொருவர் பழிப்புக் காட்டுகிற இரண்டு பிள்ளைகள் மாதிரி செய்துகொண்டிருந்தோம்.

காலையில் சளி கொஞ்சம் இளகியிருந்தது. டாக்டர் ஒரு மரக்கரண்டியை என் நாக்கு நுனியில் வைத்து, "தள்ளு" என்றார். தள்ளினேன். கரண்டி அசைந்தது. மயிரிழை அளவுதான், ஆனால் அசைந்தது. அவர் இன்னொருதரம் தள்ளச் சொன்னார். பிறகு தட்டைத் துணியால் மூடிவிட்டு, "இன்று வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு நாக்கு சிறிது சிறிதாக வந்தது. பல்லைத் தொட்டது, பல்லைத் தாண்டியது, உதட்டை நனைத்தது. எச்சிலை விழுங்க முடிந்த அன்று, விருந்து சாப்பிட்டமாதிரி இருந்தது. ரப்பர் குழாயை எடுத்தார்கள். கடைசியாக ஒருநாள் டாக்டர், "இன்று மத்தியானம் தூங்கட்டும். யாரும் தாடையைத் தொடக் கூடாது. நாக்கு தன் வேலையைத் தானே செய்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

சூசைக்கு அது சம்மதமில்லை. "தொடாம எப்பிடி ஐயா?" என்றான். நர்ஸம்மா ஒரு நாற்காலியைப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "கைய மடியில வச்சிக்கிடும். எடுத்தீரோ, நானே கட்டிப் போட்டுருவேன்" என்றாள். எனக்குத் தூக்கம் வருமா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. கண்ணை மூடினால் அடுத்த மூச்சு வருமோ வராதோ. சூசை முகத்தைப் பார்த்தேன். கயிறில்லாமல் தோணியில் நிற்கிறவன் முகம். அப்படியே தூங்கிவிட்டேன்.

நான் விழித்தபோது வெயில் சுவரிலிருந்து இறங்கியிருந்தது. நர்ஸம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "ஒருதரம்கூட நிக்கல. மல்லாந்துகூடப் படுத்தீர். குறட்டைதான், அது ஒமக்கு ஏற்கெனவே உள்ளது போல."

சூசை உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. எங்கே என்று பார்த்தேன். இனிப் பயமில்லை என்று நர்ஸம்மா சொன்னதும் சூசை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே சாய்ந்துவிட்டானாம். எத்தனையோ நாள் தூக்கம் அவனுக்குப் பாக்கி. வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தான். நான் இறங்கி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவன் மூக்கில் புறங்கையை வைத்தேன். சூடாகக் காற்று வந்தது. மூச்சு உள்ளே போகும்போது மோவாய்க்கு அடியில் ஏதோ லேசாக இறுகுவது போலவும், வெளியே வரும்போது தளர்வது போலவும் எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லாமல், அவனுக்கே தெரியாமல்.

லூர்து கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். கட்டில் காலியாக இருந்ததைக் கண்டு ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு எங்களைப் பார்த்து, "இங்க நோயாளி யாரு?" என்றாள். "அண்ணன எழுப்பட்டா?"

"வேண்டாம் ஏளா. தூங்கட்டும்" என்றேன்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இப்பம் என்ன சொன்னீங்க?"

"தூங்கட்டும்னேன்."

"இன்னொருதரம் சொல்லுங்க."

சொன்னேன். டகரம் டகரமாகவே வந்தது. மூக்குக்குப் போகவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கஞ்சியில் உப்பு பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கிண்ணத்தில் ஊற்றி நேரே என் கையில் கொடுத்தாள்.